பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால்... அது யார் வீட்டு விவகாரம்?

கல்யாணமாகி நான் புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நவராத்திரி அது. மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் மாமியார் ஐந்து படி கொலு வைத்திருந்தார். சாயங்காலம் குத்துவிளக்கு ஏற்றி, லலிதா சகஸ்ரநாமம் சொல்ல உட்காருவோம். சரியாக அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்கும்.

முதலில் ஒரு அதட்டல். பிறகு பொத்தென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அழுகை. கொஞ்ச நேரத்தில், வாயைப் பொத்தினாற்போல அந்த அழுகையும் நின்றுவிடும். அழுகையைவிட அது சட்டென்று நிற்பதுதான் வயிற்றைப் பிசையும்.

''என்ன அத்தை இது?'' என்று கேட்டேன்.

''தினமும் நடக்கிறதுதாம்மா. அந்தப் பொண்ணு ரொம்ப விஷமம் போல. அடுத்தவங்க வீட்டு விவகாரம்... நமக்கு எதுக்கு வம்பு?'' என்றார். அவர் கெட்ட மனசுக்காரர் இல்லை. வாசலுக்கு வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாதவர். ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சகஸ்ரநாமத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்!

சரஸ்வதி பூஜை அன்று அந்தப் பெண் சுண்டலுக்கு வந்தாள். ஏழு வயது இருக்கும். பாவாடை கட்டி, பூ வைத்து அழகாகத்தான் வந்தாள். கிண்ணத்தை நீட்டியபோது பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே, கோடு போட்டாற்போல நீளமாக ஒரு சூட்டுக் காயம்.

''என்ன பாப்பா இது?''

''பால் கொட்டிடுச்சுக்கா...''

பால் கொட்டினால் கோடு போட்டாற்போலச் சுடாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. ஒரு கணம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிண்ணத்தில் கூடுதலாக ஒரு கரண்டி சுண்டல் போட்டேன். அன்றைக்கு அதுவே பெரிய கருணையாக எனக்குத் தோன்றியது.

தீபாவளி கழிந்து அவர்கள் வீடு காலி செய்துகொண்டு போனார்கள். எங்கே போனார்கள், அந்தக் குழந்தை என்ன ஆனாள்... எதுவும் தெரியாது. ஆனால், ஒவ்வொரு நவராத்திரிக்கும் சுண்டல் கரண்டியைக் கையில் எடுக்கும்போது அந்த நீட்டிய கை என் கண் முன்னால் வந்து நிற்கிறது.

ஒரு குழந்தை பக்கத்தில் வதைபடுகிறது. நமக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகும் அது 'அடுத்தவர் வீட்டு விவகாரம்'தானா? நாம் செய்கிற பூஜைக்கும் அந்த அழுகைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதா?

திருச்சேய்ஞலூர் சொன்ன பதில்

சில மாதங்களுக்கு முன், ஆலய தரிசனக் கட்டுரைக்காகத் திருப்பனந்தாள் பக்கத்தில் இருக்கும் திருச்சேய்ஞலூருக்குப் போயிருந்தேன். முருகப்பெருமான் சிவனை வழிபட்ட தலம். சண்டேசுவர நாயனார் பிறந்த ஊர்.

சண்டிகேஸ்வரரை நம் எல்லோருக்கும் தெரியும். சிவன் கோயிலில் பிராகாரம் சுற்றி வரும்போது அவர் சந்நிதியில் நின்று, மெள்ளக் கைகளைத் தட்டி, 'சுவாமி சொத்தில் எதையும் எடுத்துப் போகவில்லை' என்று காட்டிவிட்டு வருகிறோம். அவர் கதையை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் விசாரசருமர். வேதம் படிக்கிற சிறுவன். ஒருநாள் மற்றப் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருக்கிறார். ஊர்ப் பசுக்களை மேய்த்துக்கொண்டு ஒருவன் வருகிறான். ஒரு பசு அவனை முட்டப் போக, அவன் கோலால் அதை ஓங்கி அடிக்கிறான். கூட இருந்த பிள்ளைகளும் அதைப் பார்த்திருப்பார்கள். விசாரசருமரால் மட்டும் பொறுக்க முடியவில்லை. ஓடிப் போய்த் தடுக்கிறார்.

அதோடு விட்டிருந்தால், நாமும் சில சமயம் செய்கிற காரியம்தான் அது. 'ஏம்ப்பா, வாயில்லா ஜீவனை இப்படி அடிக்கிறே?' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்போம். அந்தச் சிறுவன் அடுத்து ஒன்று சொன்னார்: ''இனி இந்தப் பசுக்களை நீ மேய்க்க வேண்டாம். நானே மேய்க்கிறேன்!''

ஊராரின் சம்மதம் பெற்று, மறுநாளிலிருந்து கோலும் கயிறுமாகக் கிளம்பிவிட்டார். நல்ல புல் இருக்கிற இடம், நல்ல தண்ணீர் இருக்கிற துறை, வெயிலுக்கு ஒதுங்க நிழல் என்று பார்த்துப் பார்த்து மேய்த்தார். பசுக்கள் செழித்தன. கன்றுகள் பக்கத்தில் இல்லாதபோதும் அவரைக் கண்டால் தானாகவே பால் பொழிந்தன. அந்தப் பாலால்தான் மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் பிடித்து அபிஷேகம் செய்தார்.

கதையின் பின்பகுதி வேறு. அது சிவபூஜையின் தீவிரத்தைச் சொல்வது. எனக்கு அன்று அந்தச் சந்நிதியில் முன்பகுதிதான் மனதில் ஓடியது. அவர் பூஜைக்குக் கிடைத்த பால், அடிபட்ட ஒரு ஜீவனுக்காக அவர் எடுத்துக்கொண்ட பொறுப்பிலிருந்து வந்த பால். அந்தப் பசு அவருடையது இல்லை. ஊராருடையது. பார்த்தது மட்டும்தான் அவருக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம். பார்த்துவிட்டதாலேயே அது தன் காரியம் ஆகிவிட்டது என்று அவர் நினைத்தார்.

நான் சகஸ்ரநாமத்தை உரக்கச் சொன்னதை நினைத்தேன். கை தட்டவே கூச்சமாக இருந்தது. 'எதையும் எடுத்துப் போகவில்லை' என்று அவரிடம் கையை விரிக்கிறோம். 'எதையும் எடுத்துக்கொள்ளவில்லையே... ஒரு பொறுப்பையும்கூடவா?' என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

'அப்பா, அம்மாவுக்குத் தெரியாதா?'

''பெற்றவர்களுக்கு இல்லாத அக்கறை நமக்கா?'' - இப்படித்தான் நாம் எல்லோரும் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். பெரும்பாலான வீடுகளில் பெற்றவர்களைப் போலக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது.

ஆனால், பிரகலாதன் கதையை நாம்தான் வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அந்தக் குழந்தைக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்தா... பகைவனிடமிருந்தா? பெற்ற தகப்பனிடமிருந்து! மலையிலிருந்து உருட்டியதும், யானையை ஏவியதும், விஷம் கொடுத்ததும் சொந்த வீட்டில்தான். அரண்மனை முழுக்க ஆட்கள். மந்திரிகள், வீரர்கள், பாடம் சொன்ன குருமார்கள். எல்லோருக்கும் தெரியும். தாய் கயாதுவின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்? தடுக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. அத்தனை மனிதர்களும் கல்லாகி நின்ற இடத்தில், கல் தூண் பிளந்து பகவான் வந்தார்!

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000-க்கும் அதிகமான குழந்தைகளிடம் பேசித் தயாரித்த ஆய்வு. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான வதைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படித் தொல்லை தந்தவர்களில் பாதிப் பேர், குழந்தைக்கு நன்கு தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதை யாரிடமும் சொல்லவே இல்லை.

ஆக, 'வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு' என்ற நம் பழக்கம், சில குழந்தைகளைப் பொறுத்தவரை வெளியே இருந்து பூட்டிய கதவு.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூடு வைத்த அந்த அம்மாவை நான் வெகு நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அவர் முகத்தில் ஒருநாள்கூடச் சிரிப்பைப் பார்த்த ஞாபகம் இல்லை. அந்த வீட்டில் அவரும் அடி வாங்கினாரோ என்னவோ! மாடிப்படியில் பார்க்கும்போது, ''என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?'' என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால்... இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால்... குழந்தைக்குச் செய்கிற உதவி சில வீடுகளில் தாயிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

'அது அந்தக் குழந்தையின் கர்மா' என்றால்?

கோயிலுக்குப் போகிற நமக்கு எளிதில் கைக்கு வருகிற ஆறுதல் இது. 'பூர்வ ஜன்ம வினை. அனுபவித்துத்தானே தீர வேண்டும்? நாம் குறுக்கே போகலாமா?'

கர்மாவை நான் மறுக்கவில்லை. ஆனால், நம் வீட்டுக் குழந்தைக்கு நடுராத்திரியில் ஜுரம் அடித்தால் 'கர்மா' என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறோமா? ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடுகிறோம். வழியிலேயே மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொள்கிறோம். அப்போதெல்லாம் வினை குறுக்கே வரவில்லையே! பிறத்தியார் குழந்தை என்றதும் மட்டும் தத்துவம் நினைவுக்கு வந்தால், அது தத்துவம் இல்லை, சாக்கு.

இன்னொன்று. அந்தக் குழந்தை துன்பப்படுவது அதன் வினை என்றே வைத்துக்கொள்வோம். ஊரில் எத்தனையோ வீடு இருக்க, அதன் அழுகை என் காதில் வந்து விழுந்ததே, அது யார் வினை? அதற்கு நான்தான் கணக்குச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கர்மாவைப் படிக்கிற வேலையை நமக்கு யாரும் தரவில்லை. நம் கையில் இருப்பது நம் கர்மா மட்டும்தான்.

சீர்காழித் திருக்குளத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று வயது சம்பந்தப் பிள்ளையைக் கரையில் உட்கார வைத்துவிட்டுத் தந்தை சிவபாத இருதயர் நீராடப் போகிறார். தண்ணீரில் மூழ்கிய தந்தையைக் காணாமல் பிள்ளை அழுகிறது. 'ஏன் அழுகிறது, என்ன வினை' என்றா இறைவன் பார்த்தார்? பார்வதி தேவி பொற்கிண்ணத்தில் ஞானப்பால் எடுத்துக்கொண்டு வந்தாள். அழுத குழந்தைக்குப் பால் கிடைத்தது. சித்திரையில் திருமுலைப்பால் உற்சவமாக இன்றும் அதைக் கொண்டாடுகிறோம்.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். கரையேறிய தந்தை, பிள்ளையின் வாயில் பாலைப் பார்க்கிறார். 'யார் கொடுத்த பாலைக் குடித்தாய்?' என்று கையில் ஒரு கோலை எடுத்துக்கொண்டு மிரட்டுகிறார். எத்தனை பெரிய சிவபக்தர்! கோபம் வந்ததும் அவர் கையும் கோலைத் தேடியிருக்கிறது. ஆனால், பிள்ளை விரலை நீட்டிக் காட்டியபோது அவர் அந்த விரல் சொன்னதைக் கேட்டார். 'பொய் சொல்கிறாயா?' என்று ஓங்கி ஒன்று வைத்திருந்தால்? குழந்தை சொல்வதை நம்புவது, அதற்குக் கொடுக்கிற முதல் பால்.

நடுநிசியில் தட்டிய கதவு

நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். 1930-ல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சில இளம்பெண்கள், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று தப்பித்து வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் தயாராக இல்லை. கடைசியில் டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மேடையில் அவர்களுக்காகப் பேசியவர், அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அடையாறு அவ்வை இல்லம். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சட்டம் வருவதற்கு 17 வருஷம் முன்னாலேயே கதவு திறந்துவிட்டது!

மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905-ல் தொடங்கியதும் இப்படித்தான். ஆதரவற்ற சில சிறுவர்களைக் கண்டு சுவாமி ராமகிருஷ்ணானந்தர் மனம் உருக, பக்தர்கள் அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். சாதாரண வாழ்க்கை வாழ்ந்தவர்கள்தான், 'சாமி பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டுப் போகாமல் நின்றவர்கள்.

''அடுத்த வாரம் வருவீங்களா?''

எனக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, பஸ் பிடித்துப் புறநகரில் இருக்கும் பெண் குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறார். வதைபட்டு, கைவிடப்பட்டு, அரசு மூலம் அங்கே வந்து சேர்ந்த குழந்தைகள். ஏழு வருஷமாக இது நடக்கிறது.

''முதல்ல நானும் எல்லாரையும் போலத்தான் போனேன்மா. எங்க ஆத்துக்காரர் திதிக்கு அன்னதானம் பண்ணலாம்னு வடை, பாயசத்தோட போனேன். பிள்ளைகளெல்லாம் வரிசையா உட்கார்ந்து, 'நன்றி பாட்டி'ன்னு ஒரே குரல்ல சொன்னதுகள். எனக்குப் பெருமையா இருந்தது. கிளம்பும்போது ஒரு குட்டிப் பெண் மட்டும் பக்கத்துல வந்து, 'அடுத்த வாரம் வருவீங்களா?'ன்னு கேட்டா. 'வரேன்டி கண்ணா'ன்னு வாய் வார்த்தையாச் சொல்லிட்டேன். போகலை. ஒரு மாசம் கழிச்சு மனசு கேட்காம போனா, அவ என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிண்டா. 'ஏன்டீ?'ன்னா, 'எல்லாரும் வரேன்னுதான் சொல்வாங்க'ன்னா. செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது!''

அன்றிலிருந்து மாமி ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. ஊரில் இல்லாவிட்டால் முந்தின வாரமே குழந்தைகளிடம் சொல்லிவிடுகிறார். கணக்குச் சொல்லித் தருகிறார், தலை பின்னிவிடுகிறார், பல்லாங்குழி ஆடுகிறார். அவ்வளவுதான். அவர் சொன்ன சில விஷயங்கள், அன்னதானத்துக்குப் போகும் நம் எல்லோருக்கும் பாடம்.

'உனக்கு என்ன நடந்தது?' என்று அவர் ஒரு குழந்தையிடமும் கேட்டதில்லை. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். வாய் விட்டுப் போய் வெளியில் கதையாகச் சொல்ல மாட்டார். தீங்கு ஏதாவது தெரியவந்தால் மட்டும் இல்லத்தின் பொறுப்பாளரிடம் உடனே சொல்லிவிடுவார். போட்டோ எடுக்க மாட்டார். 'ஐயோ பாவம்' என்று சொல்ல மாட்டார். ஒரு குழந்தையை மட்டும் செல்லம் கொஞ்சி மற்றவர்களை ஏங்கவைக்க மாட்டார். அனுமதி கேட்காமல் கட்டிப்பிடிக்கக்கூட மாட்டார். ''தொட்டாலே பயப்படற குழந்தைகள் இருக்கும்மா. அதுகளா வந்து மடியில சாயற வரைக்கும் காத்திருக்கணும்'' என்றார்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று பழமொழி சொல்வோம். அதை நினைத்துத்தான் போகிறீர்களா என்று கேட்டேன். மாமி சிரித்தார். ''ஆரம்பத்துல அப்படித்தான் நினைச்சேன். என் பேரன் நன்னா இருக்கணும், அந்தப் புண்ணியம் சேரட்டும்னு. இப்ப அந்தக் கணக்கெல்லாம் மறந்து போச்சு. சனிக்கிழமை ஆனா அதுகள் வாசலைப் பார்த்துண்டு இருக்கும். அதான் போறேன்.''

புண்ணியத்தை எண்ணிக்கொண்டு தொடங்கினாலும் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோயிலுக்கும் நாம் ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டுதான் முதலில் போகிறோம். போகப் போக, வேண்டுதல் மறந்து தரிசனம் மட்டும் நிற்கவில்லையா?

தப்பாகப் போய்விட்டால்?

இப்படியும் ஒரு பயம் உண்டு. 'நாம் நினைத்தது தவறாக இருந்தால்? ஒரு நல்ல குடும்பத்தின் பெயர் கெட்டுவிடாதா? போலீஸ், கோர்ட் என்று நாம் அலைய வேண்டி வருமா?'

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான். கன்றை இழந்த பசு வந்து அதை அடித்தது. தீர்ப்புச் சொன்னது பசு இல்லையே! மணி அடிப்பது ஒருவர் வேலை. விசாரிப்பது அரசன் வேலை. நாம் யாரையும் குற்றவாளி என்று சொல்ல வேண்டாம். தெருவில் நின்று கத்த வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். மணியை அடித்தால் போதும்.

இன்றைய ஆராய்ச்சி மணி 1098. மும்பையில் 1996-ல் டாடா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவிய குழந்தைகள் உதவி எண். 2023 முதல் அரசே நேரடியாக நடத்துகிறது. இரவு, பகல் எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது. நம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை மீட்டால், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துப் போக வேண்டும் என்கிறது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர் கொண்ட குழு அது. அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தையை வீட்டிலிருந்து பிரித்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழிதான். பெற்றோருக்கு ஆலோசனை சொல்லி, குடும்பத்தோடு சேர்த்துவைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பாலியல் கொடுமை என்றால் மட்டும், 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்ற பஞ்சாயத்து எல்லாம் கூடாது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் 2012-ம் வருஷத்து போக்சோ சட்டம் காவலாக இருக்கிறது. தெரிந்தவர்கள் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். குழந்தையின் பெயரை, முகத்தை, பள்ளியை யாரும் வெளியிடக் கூடாது.

என் மாம்பலத்து நாட்களிலும் 1098 இருந்தது. ஒரு போன் செய்ய எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

நம்மால் முடிந்தது...

* அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வரட்டும். 'இந்த வீட்டில் நம்மைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்' என்ற தைரியம் ஒரு குழந்தைக்குப் பெரிய காவல்.

* குழந்தை ஏதாவது சொன்னால் அதட்டாமல், அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். 'நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்.

* பிறந்த நாளுக்கோ, திதிக்கோ இல்லத்துக்கு உணவு தருவதாக இருந்தால், அது இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு பெற்ற இல்லமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விவரம் கிடைக்கும். தொண்டு செய்ய வழியும் அங்கேயே கேட்கலாம்.

* போகத் தொடங்கினால் விடாமல் போங்கள். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் மாதம் ஒருமுறை. சொன்ன நாளில் போய் நிற்பதுதான் முக்கியம்.

* வீட்டில் இடமும் மனதில் இடமும் இருப்பவர்களுக்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற வழியும் உண்டு. தத்து எடுப்பது வேறு. இது ஒரு குழந்தையைக் குறிப்பிட்ட காலம் நம் வீட்டில் வைத்துப் பராமரிப்பது. 2024-ல் வந்த புதிய நெறிமுறைகளின்படி, தனியாக வாழ்பவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

* பக்கத்தில் ஏதாவது ஒரு தாய் வறுமையால் குழந்தையை இல்லத்தில் விடப் போகிறாள் என்று தெரிந்தால், 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தைச் சொல்லுங்கள். தகுதியுள்ள குழந்தை குடும்பத்தோடு இருக்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. ஒரு மனு எழுதித் தருவதும் தொண்டுதான்.

இதெல்லாம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். சில குழந்தைகள் திரும்ப அதே வீட்டுக்குப் போகும். நாம் ஆசையாகச் சொல்லிக் கொடுத்த பெண், ஒருநாள் வேறு ஊருக்கு மாற்றப்பட்டுப் போவாள். நம்மிடம் சொல்லிக்கொள்ளவும் நேரம் இருக்காது. நன்றி வராது. பக்கத்து வீட்டுக்காரர் நம்மோடு பேச்சை நிறுத்தலாம். விசாரசருமர்மீதும் ஊரார் பழி சொன்னார்கள், பாலை வீணாக்குகிறான் என்று. அவர் மேய்ப்பதை விடவில்லை.

கர்ப்பம் காக்க வேண்டும் என்று திருக்கருகாவூருக்குப் போகிறோம். அந்த அம்பாளிடம் வேண்டிக்கொண்டு வந்து, பத்து மாதமும் பயந்து பயந்து காக்கிறோம். கருவிலிருந்த உயிரைக் காத்தவள், பிறந்த பிறகும் அது காக்கப்பட வேண்டும் என்றுதானே நினைப்பாள்? அந்தக் காவலில் பாதியை நம்மிடம்தான் ஒப்படைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வருஷமும் நவராத்திரி வரும். கொலு வைப்போம். தெருவிலிருக்கும் குழந்தைகள் எல்லாம் கிண்ணத்தோடு வாசலில் நிற்கும். ஒவ்வொரு குழந்தையையும் பாலாம்பிகையாகப் பாவித்துச் சந்தனம், குங்குமம் கொடுப்போம். சகோதரிகளே, சுண்டல் போடும்போது அந்தக் கைகளையும் கொஞ்சம் பாருங்கள். எங்காவது ஒரு காயம் தெரிந்தால், 'பால் கொட்டிடுச்சு' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, மெதுவாக இன்னொரு முறை கேளுங்கள்.

நான் அன்று கேட்காமல் விட்ட கேள்வி அது.